ப்ராக் நகரின் கருப்பு மாதா வீடு: முதல்முறை போகிறவர்களுக்கு

ப்ராக் நகரத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களில் பலரும் ஒரே பாதையில்தான் நடக்கிறார்கள். வெடிமருந்துக் கோபுரத்தில் தொடங்கி, ட்செலெட்னா தெரு வழியாகப் பழைய நகரச் சதுக்கம், அங்கே வானியல் கடிகாரம், அப்புறம் சார்லஸ் பாலம். அந்த நடையின் ஆரம்பத்திலேயே இடப்பக்கம் ஒரு மூலைக் கட்டடம் வருகிறது. செங்காவிச் சாயலில் சுவர், இரண்டு அடுக்காக இறங்கும் கூரை, மூலையில் கம்பிக்கூண்டுக்குள் ஒரு கருப்பு மாதா சிலை. சிலையைப் படம் எடுத்துக்கொண்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். கட்டடத்தின் பெயரே அந்தச் சிலையால் வந்ததுதான் என்பதால் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ஃப்ரான்டிஷெக் யோசெஃப் ஹெர்ப்ஸ்ட் என்ற மொத்த வியாபாரிக்காக 1911-லிருந்து 1912-க்குள் கட்டிய கடை மாளிகை இது. இன்று இதன் மேல்மாடிகளில் செக் நாட்டுக் கியூபிச அலங்காரக் கலைகளின் நிரந்தரக் கண்காட்சி இருக்கிறது. 2015 முதல் அதை நடத்தி வருவது ப்ராக் அலங்காரக் கலை அருங்காட்சியகம். உள்ளூரில் சுருக்கமாக ‘யூபிஎம்’ என்பார்கள்.

உருவங்களைக் கோணங்களாகவும் பட்டைகளாகவும் உடைத்துக் காட்டும் கலைப்பாணிதான் கியூபிசம். பெயரைக் கேட்டதும் ‘நமக்குப் புரியாத ஓவியம்’ என்று ஒதுங்க வேண்டாம். இங்கே பிரதானம் நாற்காலி, கடிகாரம், ஜாடி, காபிக் கோப்பை. எல்லாம் வீட்டில் புழங்கச் செய்த சாமான்கள். எதைப் பார்ப்பது என்று குழம்பினால் ஒன்றை மட்டும் பின்தொடருங்கள்: சாய்வு. தெருவில் நின்று சுவரில் அதைப் பார்த்துப் பழகிக்கொண்டால், உள்ளே போனதும் கோப்பையில் அது தானாகவே கண்ணில் படும். இந்தக் கட்டுரையும் அந்த வரிசையில்தான் போகிறது.

கிளம்புமுன்

திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. ஊரில் தங்குவதே ஒரு நாள்தான், அதுவும் திங்கள் என்றால் வெளிச்சுவரும் காபிக்கடையும்தான் மிச்சம். மற்ற நாட்களில் எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், நுழைவுச் சீட்டு எவ்வளவு என்பதை யூபிஎம் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் மாறக்கூடியவை.

செக் நாட்டுக்கு ஷெங்கன் விசா செல்லும். ஆனால் யூரோ அங்கே புழங்குவதில்லை, கொருனாதான். பழைய நகரத்துப் பணம் மாற்றும் கடைகளின் வாசலில் ‘கமிஷன் இல்லை’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். கமிஷனை விகிதத்திலேயே பிடித்துவிடுவார்கள். அட்டை இருந்தால் அநேகமாக எல்லா இடத்திலும் வேலை நடக்கும்.

விமான நிலையத்திலிருந்து நேரடி மெட்ரோ கிடையாது. 59-ஆம் எண் டிராலிபஸ்ஸில் நாட்ராஜி வெலெஸ்லாவீன் வரை வந்து, அங்கே பச்சை நிற ஏ வழித்தட மெட்ரோவைப் பிடிக்க வேண்டும். மூஸ்டெக் நிலையத்தில் மஞ்சள் நிற பி வழித்தடத்துக்கு மாறி, அடுத்த நிறுத்தமான நாமியெஸ்டீ ரெபுப்ளிகியில் இறங்குங்கள். காகிதச் சீட்டு வாங்கினால் பயணம் தொடங்கும்போது மஞ்சள் பெட்டியில் நுழைத்து நேரம் அச்சடித்துக்கொள்ள வேண்டும். அச்சு இல்லாத சீட்டு கையில் இருந்தாலும் சோதனையாளர் அபராதம் போடுவார். ‘வாங்கித்தானே வைத்திருக்கிறேன்’ என்ற நியாயம் அங்கே எடுபடாது.

தெருவெல்லாம் கருங்கல் பாவியது. குதிகால் செருப்பு ஓட்டலிலேயே இருக்கட்டும்.

உள்ளே போவதற்கு முன் தெருவில் கொஞ்ச நேரம்

மெட்ரோவிலிருந்து மேலே வந்ததும் முதலில் கண்ணில் படுவது ஓபெட்ஸ்னி தூம் என்ற நகராட்சி மாளிகை. 1905-ல் தொடங்கி 1912-ல் முடித்தது. பூங்கொடி, பெண்முகம், வண்ணக் கண்ணாடி, பொன்பூச்சு என்று ஆர்ட் நூவோ பாணி முழு ஒப்பனையில் நிற்கும். அதை ஒட்டியே 1475-ல் தொடங்கிய கோதிக் வெடிமருந்துக் கோபுரம். கோபுர வளைவுக்குள் புகுந்து வெளியே வந்தால் ட்செலெட்னா தெரு. சில நிமிட நடையில் இடப்பக்கம் நம் கட்டடம்.

இந்தச் சில நிமிடத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். நகராட்சி மாளிகையும் கருப்பு மாதா வீடும் ஒரே காலத்தில் எழும்பியவை. அங்கே கொடி வளைந்து நெளிந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், கூப்பிடு தூரத்தில் ஓர் இளைஞர் வளைவையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு விளிம்புகளை வைத்து ஒரு கடையைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் பெயர் யோசெஃப் கோச்சார். 1880-ல் பிறந்தவர். வேலையை எடுத்தபோது வயது முப்பத்தொன்றோ என்னவோ.

சிக்கல் என்னவென்றால், இடம் பழைய நகரத்தின் நடுமத்தி. பரோக் காலத்து (17, 18-ஆம் நூற்றாண்டு ஆடம்பரப் பாணி) வீட்டை இடித்துவிட்டுத்தான் ஹெர்ப்ஸ்ட் புதுக்கடை கட்டினார். சூழலோடு ஒத்துப்போக வேண்டும் என்று அதிகாரிகள் கெடுபிடி செய்தார்கள். கோச்சார் முதலில் போட்ட வரைபடத்தை மாற்றித்தான் இப்போது நாம் பார்க்கும் வடிவத்துக்கு வந்தார். கூரையும் உயரமும் அக்கம்பக்கத்து பரோக் வீடுகளோடு சேர்ந்து போகும். நுணுக்கங்கள் மட்டும் முழுக்கப் புதியவை. இடித்த வீட்டிலிருந்த மாதா சிலைக்கும் புதுக் கட்டடத்தின் மூலையில் இடம் கிடைத்தது.

எதிர்ப்பக்கம் நின்று கீழிருந்து மேலே பாருங்கள். கீழ்த்தளங்களில் சுவரைவிடக் கண்ணாடி அதிகம். கடை என்றால் சரக்கு தெரிய வேண்டுமே. கட்டடத்தின் பாரம் முழுவதையும் உள்ளே இருக்கும் கம்பி கான்கிரீட் எலும்புக்கூடு தாங்குகிறது. சுவர் பாரம் தாங்க வேண்டியதில்லை என்றானபின் ஜன்னலை எவ்வளவு அகலமாகவும் வைக்கலாம்.

அந்த ஜன்னல்கள் சுவரோடு தட்டையாக இல்லை என்பது அடுத்த கவனிப்பு. மாடி ஜன்னல்கள் கோணமாக மடிந்து தெருப்பக்கம் முன்னுக்கு வருகின்றன. மேலே போகப் போக ஜன்னல்களுக்கு நடுவே வரிப்பள்ளம் விட்ட தூண்கள் வருகின்றன. அதற்கும் மேலே தாழ்வான கூரை ஜன்னல்கள். கடைசியாக வாசலுக்கு வாருங்கள். இருபுறத் தூண்களும் உருண்டையாகவும் இல்லை, சதுரமாகவும் இல்லை. பட்டை தீட்டியிருக்கிறார்கள். ஒரு பட்டையில் வெளிச்சம், பக்கத்துப் பட்டையில் நிழல், அதற்கடுத்ததில் இரண்டுங்கெட்டான். பூவேலை ஒன்றுகூட இல்லாமல், வெயில் செய்யும் வேலையை வைத்தே அலங்காரம். மப்பு மந்தாரமான நாளில் இந்த வாசல் சப்பென்றிருக்கும். வெயில் பக்கவாட்டில் விழும் நேரம் அமைந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

பாரிசில் கியூபிசம் பெரும்பாலும் சட்டத்துக்குள் இருந்த ஓவியம். 1912-ல் அங்கே இலையுதிர்காலக் கண்காட்சியில் ஒரு ‘கியூபிச வீடு’ வைத்தார்கள். அதன் முகப்பு சாந்தில் செய்த மாதிரி மட்டுமே, கண்காட்சி முடிந்ததும் கதையும் முடிந்தது. ப்ராக்கில் அதே ஆண்டில் ஆட்கள் உள்ளே போய்ச் சாமான் வாங்கிக் காபி குடிக்கக்கூடிய கியூபிசக் கட்டடம் தயாராகிவிட்டது. ஆகவே, உள்ளே எத்தனை அழகான பொருள் இருந்தாலும், இங்கே முதல் காட்சிப்பொருள் கட்டடம்தான். அதற்குச் சீட்டும் தேவையில்லை.

மாடிப்படி

உள்ளே நுழைந்ததும் கண்காட்சியைத் தேடி அவசரமாக ஏறாதீர்கள். படிக்கட்டின் அடியில், நடுவெளிக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். சுற்றிச் சுற்றி ஏறும் படிகளின் உள்விளிம்பு ஒரு மின்விளக்குக் குமிழ் போலத் தெரியும். கீழே அகன்று ஒருபுறம் குறுகும் வடிவம், மாடிக்கு மாடி ஒன்றுக்குள் ஒன்றாக. ப்ராக்கில் அதிகம் படம் பிடிக்கப்படும் படிக்கட்டுகளில் இது ஒன்று. கைபேசியைத் தரையோடு சேர்த்துத் திரையை மேலே பார்க்க வைத்து, முன்பக்கக் கேமராவில் எடுத்தால் நேர்த்தியாக வரும். கழுத்தும் தப்பிக்கும். ஏறுகிறவர்கள் உங்களைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. வெளியே அவ்வளவு கோணம் பேசிய கோச்சார் படிக்கட்டில் வளைவைக் கூச்சமில்லாமல் பயன்படுத்தியிருக்கிறார். ஆனால் கைப்பிடிக் கிராதியின் இரும்பைக் கிட்டத்தில் பாருங்கள். அங்கே கோணங்கள் திரும்பி வந்துவிடும்.

கண்காட்சிக்குள்

சீட்டு வாங்கும் இடத்தில் பெரிய பைகளை வைத்துவிட்டுப் போகச் சொல்லலாம். படம் எடுக்கலாமா என்று அங்கேயே கேட்டுவிடுங்கள். கூடம் பெரிதல்ல. அவசரப்படாமல் பார்த்தாலும் அரை நாள் ஆகாது. அதனால் முதலில் எதையும் படிக்காமல் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். அப்புறம் ஆரம்பத்துக்கே திரும்பி, பிடித்த பொருள்களின் முன் நின்று விவரப் பலகையைப் படியுங்கள்.

இரண்டாவது சுற்றுக்குக் கொஞ்சம் பின்கதை உதவும். அப்போது ப்ராக், ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் ஒரு நகரம். 1908-ல் சில இளம் கலைஞர்கள் சேர்ந்து ‘ஆர்ட்யெல்’ என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். அன்றாடம் புழங்கும் சின்னச் சாமான்களை நல்ல வடிவத்தில் செய்து விற்பது நோக்கம். 1912-ல் கோச்சாரும் பவெல் யனாக்கும் சேர்ந்து ‘ப்ராக் கலைப் பட்டறைகள்’ தொடங்கினார்கள். அங்கே முக்கியமாக மரச்சாமான். இந்த இரண்டு இடங்களிலிருந்தும் வந்த பொருள்கள்தான் இங்கே நீங்கள் அதிகம் பார்க்கப்போவது.

யனாக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வியன்னாவில் ஓட்டோ வாக்னரிடம் படித்த கட்டடக் கலைஞர். 1911-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தக் கூட்டத்துக்கே தத்துவம் வகுத்துக் கொடுத்தவர். அவருடைய வாதத்தை எளிமையாகச் சொன்னால் இப்படி: கிடைக்கோடும் செங்குத்துக் கோடும் புவியீர்ப்புக்குப் பணிந்து கிடக்கும் ஜடப்பொருளின் வடிவங்கள். அதற்கு மேல் இன்னொரு விசை வந்து சேரும்போதுதான் சாய்வு பிறக்கிறது. நேராக விழும் மழை காற்றடித்தால் சாய்கிறது. பனி ஒருபக்கமாகக் குவிகிறது. எல்லாவற்றுக்கும் மேலான உதாரணம் படிகம். பொருளுக்கு உள்ளேயிருந்தே ஒரு விசை அதைப் பட்டைகளாகத் திரட்டிவிடுகிறது. கலைஞன் செய்ய வேண்டியதும் அதுதான் என்றார் யனாக்.

கேட்க ஆகாயத்தில் பறப்பது போல இருக்கிறதா? அவர் அதே ஆண்டில் வடிவமைத்த மூடி போட்ட சின்னப் பெட்டியின் முன் போய் நில்லுங்கள். கைக்குள் அடங்கும் அளவு. களிமண்ணில் செய்து வெள்ளைப் பூச்சுக் கொடுத்தது. ஒவ்வொரு பட்டையும் இன்னொன்றைச் சந்திக்கும் விளிம்பில் கருப்புக் கோடு. பெரிய கற்கண்டுக் கட்டி ஒன்றை உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்திருப்பீர்களே, அதைத்தான் மேசைமேல் வைத்திருக்கிறார். மூடியைக் கண்ணால் தேடுங்கள். எந்த விளிம்பில் பெட்டி முடிந்து மூடி தொடங்குகிறது என்று சட்டென்று பிடிபடாது. கருப்புக் கோடுகளுக்கு நடுவே திறக்கும் கோடும் ஒளிந்துகொண்டிருக்கும். இந்த ஒரு பொருள் பிடிபட்டுவிட்டால் அந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டியதே இல்லை.

விளாஸ்டிஸ்லாவ் ஹோஃப்மன் என்ற இன்னொரு கட்டடக் கலைஞர் செய்த பூஜாடிகளும் காபிக் குவளைகளும் இதே இனம்தான், ஆனால் கனம் கூடியவை, கொஞ்சம் முரட்டுத்தனமானவை. யனாக்கின் கருப்பு வெள்ளைக் கோணக் கோடுகளையும் ஹோஃப்மனின் உடைந்த உருவங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் இருவரும் எங்கே பிரிகிறார்கள் என்று தெரியும். யனாக்குக்கு மேற்பரப்பின் கோடு முக்கியம். ஹோஃப்மனுக்கு மொத்த உருவமே திரும்பி முறுக்கிக்கொள்ள வேண்டும்.

மரச்சாமான் பகுதிக்கு வந்தால் என் அபிப்பிராயம் கொஞ்சம் மாறும். கோச்சாரும் யனாக்கும் செய்த நாற்காலிகளைப் பார்க்க ஆள் அசந்து போவோம். பின்சாய்வு ஒரு கூர்முனையில் முடியும். கால்கள் உள்ளே மடிந்து வெளியே பாயும். ஆனால் மரத்துக்கென்று ஒரு குணம் உண்டு, நார் ஓடும் திசையில்தான் அதற்குப் பலம். அந்தத் திசையைக் குறுக்கே சாய்வாக வெட்டிக்கொண்டே போனால் பலம் போகும், இணைப்புகள் பெருகும், கூலி ஏறும். அதனால் உள்ளே பல துண்டுகளைச் சேர்த்து ஒட்டி, மேலே வெனீர் என்னும் மெல்லிய மரத்தகடு போட்டு ஒரே கட்டையில் செதுக்கியது போலக் காட்ட வேண்டியிருந்தது. பொருளின் உள்விசையிலிருந்து வடிவம் பிறக்க வேண்டும் என்று சொன்னவர்கள், மரத்தின் உள்விசையோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள்! களிமண் சொன்னபடி கேட்டது, மரம் கேட்கவில்லை. விலையும் கட்டுப்படியாகாததால் இந்தச் சாமான்களில் பலவும் கலைஞர்களின் சொந்த வீட்டுக்கும் நண்பர்கள் வீட்டுக்கும்தான் போய்ச் சேர்ந்தன. ஆர்ட்யெல் கனவு கண்ட ‘எல்லோருக்கும் நல்ல சாமான்’ என்பது நாற்காலி விஷயத்தில் நடக்கவில்லை.

நாற்காலியின் முன் நிற்கும்போது பக்கவாட்டுக்குப் போய், பின்னங்கால் இருக்கையைச் சந்திக்கும் இடத்தைக் குனிந்து பாருங்கள். நேர்முகத்தில் ஆர்ப்பாட்டமாகத் தெரியும் நாற்காலியின் கஷ்டமெல்லாம் அந்த மூட்டில்தான் இருக்கும். ஓட்டோ போலெஷ்கா என்ற நடிகரின் வீட்டுக்காகக் கோச்சார் 1913-ல் ஒரு கடிகாரம் வடிவமைத்தார். அது மாதிரிப் பொருள்களில் இந்தப் பாணி எடுபடுகிறது. கடிகாரத்தின் மேல் யாரும் உட்காரப் போவதில்லை, எப்படி வேண்டுமானாலும் அது சாய்ந்துகொள்ளலாம்.

உலோகம், சுவர்க்காகிதம், சுவரொட்டி என்று மற்றவையும் உண்டு. சுவரொட்டிகளில் எழுத்துகளையே பட்டை தீட்டியிருப்பதை மட்டும் ஒருமுறை நின்று பார்த்துவிட்டு நகரலாம்.

இவ்வளவும் மூன்று நான்கு ஆண்டுக்குள் நடந்து முடிந்த விஷயம். 1914-ல் உலகப்போர் வந்தது, ஆட்கள் சிதறினார்கள். போர் முடிந்து செக்கோஸ்லோவாகியா பிறந்தபோது இதே கலைஞர்கள் வட்டத்துக்கும் அரைவட்டத்துக்கும் மாறியிருந்தார்கள்.

காபி

இதைத் தவிர்க்கக் கூடாது. முதல் மாடியில் கிராண்ட் கஃபே ஓரியன்ட் இருக்கிறது. நம்மூர்க் கணக்கில் முதல் மாடிதான், தரைத்தளத்துக்கு அடுத்தது. கட்டடம் திறந்தபோதே இருந்த காபிக்கடை. பாணி பழையதாகிப் போனதும் 1920-களில் மூடிவிட்டார்கள். பழைய புகைப்படங்களையும் வரைபடங்களையும் வைத்து மீண்டும் உருவாக்கி 2005-ல் திறந்தார்கள்.

உட்கார்ந்ததும் முதலில் கூடத்தின் நடுப்பகுதியைப் பாருங்கள். குறுக்கே தூண்கள் இல்லை. வெளியே நின்று பார்த்தோமே, அந்தக் கான்கிரீட் எலும்புக்கூட்டின் லாபம் இங்கே கைக்குக் கிடைக்கிறது. அப்புறம் தொங்கும் பித்தளை விளக்குகள், பரிமாறும் மேடை, கோட்டு மாட்டும் கொக்கி. அந்தக் கொக்கிகளில் உங்கள் கோட்டை மாட்டலாம். மேல்மாடியில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதன் உறவுக்காரப் பொருள்களை இங்கே தொட்டு, சாய்ந்து, உட்கார்ந்து பார்க்க முடியும். அதனால்தான் கண்காட்சியை முடித்துவிட்டு இங்கே வருவது நல்லது என்கிறேன். காலிடம் இருந்தால் பால்கனிப் பக்கம் கேளுங்கள்.

என்ன சாப்பிடுவது என்றால் ‘வியெனெச்செக்’. செக் நாட்டின் எந்த மிட்டாய்க்கடையிலும் கிடைக்கும், நடுவில் கிரீம் வைத்த வட்ட வளையப் பணியாரம் அது. இங்கே மட்டும் அதைச் சதுரமாகச் செய்கிறார்கள். வேடிக்கைக்குச் செய்ததுதான், ருசியும் மோசமில்லை. மாவில் முட்டை உண்டு, முட்டை தொடாதவர்கள் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பணம் கொடுக்க எழுந்து போகாமல் பரிமாறுபவரைப் பார்த்து ‘ஸப்லாதீம், ப்ரோசீம்’ என்றால் பில் வந்துவிடும். பத்து சதவீதத்துக்குள் கூட்டிக் கொடுத்தால் போதும்.

காபிக்கடைக்கு மட்டும் வருகிறவர்களுக்கு அருங்காட்சியகச் சீட்டு வேண்டாம். திங்கட்கிழமைக்காரர்களுக்கு இது ஆறுதல்.

கீழே உள்ள கடை

தரைத்தளத்தில் குபிஸ்டா என்ற கடை. யனாக்கின் பெட்டி, காபிக் குவளை, ஹோஃப்மனின் ஜாடி போன்றவற்றின் மறுபதிப்புகள் விற்கிறார்கள். விலை அதிகம்தான். ஆனால் நினைவுப்பொருள் கடைகளில் கிடைக்கும் காந்த வில்லைகளோடு ஒப்பிட வேண்டாம், இவை அச்சு எடுத்துக் கையால் முடித்த பாண்டங்கள். வாங்காவிட்டாலும் ஒருமுறை உள்ளே போய், அனுமதி கேட்டு அந்த மூடிப் பெட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். விரல் எந்தப் பட்டையில் போய் உட்காருகிறது என்பது மேல்மாடியில் தெரியாது. வாங்கினால் கைப்பையிலேயே கொண்டு போங்கள். கூர்விளிம்புகள் முதலில் அடிபடும்.

நேரம் மிச்சமிருந்தால்

கட்டடத்தைவிட்டு வெளியே வந்ததும் சாய்வு தேடும் கண் இன்னும் சூடாக இருக்கும். அதை வீணாக்க வேண்டாம். யுங்மன் சதுக்கத்துக்கு நடந்து போனால், பனிமாதா தேவாலயத்தின் பக்கத்து மூலையில் எமில் க்ராலிச்செக் வடிவமைத்த கியூபிசத் தெருவிளக்கு நிற்கிறது. தலை வெட்டிய பிரமிடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போன்ற கம்பம், அடியில் உட்கார இடம். கூட்டம் அதிகம் வராத மூலை.

அங்கிருந்து ஸ்பாலெனா தெருவில் அதே க்ராலிச்செக்கின் ‘டயமன்ட்’ கட்டடம். அதற்கும் பக்கத்துத் தேவாலயத்துக்கும் நடுவே ஒரு பரோக் காலத்துப் புனிதர் சிலை. அந்தச் சிலைக்கு மேலே குடை பிடித்தது போலக் கோணக்கோணமான கியூபிச வளைவு ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். ப்ராக் கியூபிஸ்டுகள் பரோக்கை விரோதியாக நினைக்கவில்லை, சுவரைத் தள்ளி முறுக்கி உயிரூட்டிய முன்னோடியாகத்தான் பார்த்தார்கள். ஹெர்ப்ஸ்ட்டின் கடை பரோக் தெருவில் எப்படி ஒட்டிக்கொண்டது என்பதற்கு இங்கே பதில் கிடைக்கும்.

டிராமில் விஷெஹ்ராட் மலையடிவாரம் வரை போகத் தயார் என்றால் யோசெஃப் ஹொஹொல் என்ற இன்னொரு கியூபிசக் கட்டடக் கலைஞர் வடிவமைத்த வீடுகள் இருக்கின்றன. நெக்லானோவா தெரு 30-ஆம் எண் அடுக்குமாடி வீடுதான் அவற்றில் சிகரம். கூர்மையான தெருமுனையில் நிற்கிறது, உச்சிச் சுவர் முழுக்கச் சரிவுப் பட்டைகள். உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள். தெருவில் நின்றே பாருங்கள்.

அவ்வளவு தூரம் போக மனமில்லாதவர்கள், வெடிமருந்துக் கோபுரத்தைத் தாண்டி நா போரிச்சீ தெருவுக்குத் திரும்பி நடக்கலாம். 24-ஆம் எண்ணில் 1921 முதல் 1923-க்குள் கட்டிய லெஜியோ வங்கி. இதுவும் கோச்சார் செய்ததுதான் என்றால் சட்டென்று நம்ப முடியாது. உருளை, அரைவட்டம், கனமான சிவப்பும் வெள்ளையும். போர்முனையிலிருந்து வீடு திரும்பும் செக் படைவீரர்களை ஓட்டோ குட்ஃப்ராய்ண்ட் முகப்பில் நீளப் புடைப்புச் சிற்பமாகச் செதுக்கியிருக்கிறார். எனக்குக் கருப்பு மாதா வீடுதான் பிடிக்கும். ப்ராக்காரர்களில் இதை உயர்த்திப் பேசுகிறவர்களும் உண்டு.

கடைக் கட்டடம் அருங்காட்சியகமான கதை கோச்சாருக்கு இன்னொரு ஊரிலும் நடந்திருக்கிறது. கிழக்கு பொஹீமியாவில் யாரோமியெர்ஷ் என்ற சிற்றூர். அங்கே வெங்கே என்ற வியாபாரிக்காக 1909-லிருந்து 1911-க்குள் அவர் கட்டிய கடையில் இப்போது ஊர் அருங்காட்சியகம் இயங்குகிறது. கியூபிசத்துக்கு முந்தியது. முகப்பில் பெரிய கண்ணாடித் திரை, உள்ளே அதே கம்பி கான்கிரீட் எலும்புக்கூடு. ப்ராக் கடையில் அவர் எதை வைத்துக்கொண்டார், எதை மாற்றினார் என்று அங்கே போனால் புரியும். ப்ராக்கிலிருந்து ரயிலில் ஹ்ராடெக் க்ராலோவே போய், அங்கிருந்து யாரோமியெர்ஷுக்குப் போகலாம். ஹ்ராடெக்கின் நகரமைப்பிலும் கோச்சாரின் கை உண்டு என்பதால் இரண்டையும் ஒரே நாளில் சேர்த்துக்கொள்ளலாம். சிற்றூர் அருங்காட்சியகம் என்பதால் கிளம்புமுன் திறப்பு நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள்.